ஒண்ணுமில்ல சார்

எஸ்டேட்டில் பிறந்த பிள்ளைக்கு அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடியாகச் சொல்லிக் கொடுப்பது "ஒண்ணுமில்ல சார்" என்பதைத்தான். கையில் நோட்டோடு எவராவது வந்து "உடம்புக்கு ஏதாவது உண்டா?" என்று கேட்டால், நெற்றி நெருப்பாய்க் கொதித்தாலும் முதுகை நிமிர்த்தி அதைச் சொல்லிவிட வேண்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று ஊர் உலகத்தில் சொல்வார்கள். வண்டிப்பெரியாருக்கு மேலே, மூணாம் டிவிஷன் தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், வாயை மூடத் தெரிந்த பிள்ளைதான் பிழைக்கும்.

எப்சிபாவுக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறாள். புருஷன் சகாயம் ஃபேக்டரியில் இலைச் சாக்கு தூக்குகிறவன். இரண்டு பேரும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியே காலத்தை ஓட்டியவர்கள். சொல்லத் தவறியது பக்கத்து வீட்டு வேதமுத்து ஒருத்தன்தான். வெள்ளந்தி மனுஷன். வருஷத்துக்கு ஒருமுறை டிஸ்பென்சரியில் நடக்கும் பரிசோதனையில், டாக்டர் தோளில் கைபோட்டுப் பிரியமாகக் கேட்கவும், "மேடு ஏறுனா நெஞ்சு அடைக்கி சார்" என்று சொல்லிவிட்டான். டாக்டரும் நல்லவர்தான். அக்கறையாக எழுதிக்கொண்டார். எழுதியது ஆபீசுக்குப் போயிற்று. மூன்றாம் மாதம் "வேலைக்குத் தகுதியில்லை" என்று கடுதாசி வந்தது. வேலை போனால், பெண்சாதி வேலையில் இருந்தாலும், புருஷன் பெயரில் கொடுத்த லயத்து வீடும் போகும். வேதமுத்து கட்டிலையும் கோழிக்கூட்டையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன அன்று லயத்தில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு மூணாம் டிவிஷனில் இருமல்கூட நின்றுவிட்டது. இருமல் வந்தால் தலையணையில் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் சகாயத்துக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சு வலித்தது.

வண்டிப்பெரியாரில் காட்டினால் மறுநாள் ஊருக்கே தெரியும். கோட்டயம் போனாலும் எஸ்டேட் ஆள் எவனாவது வரிசையில் நிற்பான். ஆகவே, சித்தி மகளுக்குக் கல்யாணம் என்று லீவு சொல்லி, இருப்பதில் நல்ல துணியை உடுத்திக்கொண்டு, குமளி வழியாக மலையிறங்கித் தேனிக்குப் போனார்கள். கல்யாணத்துக்குப் போகிறவளாகத் தெரிய வேண்டுமென்று எப்சிபா பூகூட வைத்துக்கொண்டாள். பெரியாஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். இதயத்துக்குப் போகும் குழாய்களில் இரண்டு அடைத்திருந்தன. "சுமை தூக்கக் கூடாது. பயப்படுற, படபடன்னு அடிச்சுக்கிற சோலி எதுவும் ஆகாது" என்றார் டாக்டர். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லிக் கடுகளவு மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தார். அதை எந்நேரமும் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும்.

திரும்பி வரும் பஸ்ஸில் சகாயம் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். வளைவுகள் எல்லாம் ஏறி முடிந்த பிறகு சொன்னான்.

"எனக்கு சர்வீசு முடிய நாலு வருசம். பாப்பா படிச்சு முடிக்க மூணு வருசம். ஓட்டிப்புடலாம் எப்சி."

"ஓட்டிப்புடலாங்க," என்றாள் அவள்.

ஆஸ்பத்திரிச் சீட்டு அரிசி டின்னுக்கு அடியில் போயிற்று. சாக்கு தூக்குவதை அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே. மகள் டின்டு, குமளியில் காலேஜுக்குப் போகிறவள், ஒருநாள் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டாள். "அப்பாவுக்கு என்னம்மா?" என்று நேருக்கு நேர் கேட்டாள். "சத்து மாத்திரைடி. ஒண்ணுமில்ல," என்றாள் எப்சிபா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். பிள்ளையும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டது.

இந்த வருஷம் ஃபேக்டரியில் தேயிலைத் தூள் நன்றாக ஓடியதென்று தொழிலாளர் குடும்பங்களை டூர் கூட்டிப் போக ஆபீசில் சம்மதித்தார்கள். ஏற்பாடு செய்ததெல்லாம் ஃபீல்டு ஆபீசர் ஜோமோன் சார். சின்ன வயசு, சிரித்த முகம், தொழிலாளிகளோடு உட்கார்ந்து கப்பக்கிழங்கு சாப்பிடுகிற ஆள். அவர்மேல் குற்றம் சொல்ல எப்சிபாவுக்கு இன்றைக்கும் வாய் வராது. இரண்டு பஸ் பிடித்து, தேனி, பொள்ளாச்சி வழியாக, பாலக்காட்டு எல்லையில் இருக்கிற அந்தப் பெரிய பார்க்குக்கு எல்லாரும் வந்து இறங்கினார்கள்.

தண்ணீரில் சறுக்குகிற இடம், சுற்றுகிற கிண்ணம், பிள்ளைகள் ஓட்டுகிற காரு என்று மத்தியானம் வரை நன்றாகத்தான் போயிற்று. சகாயம் தொட்டித் தண்ணீரில் முழங்கால் வரை நின்றுகொண்டு மகள்மேல் நீரை வாரி இறைத்தான். அவன் அப்படி விளையாடி எப்சிபா பார்த்ததேயில்லை. கல்யாணமான புதிதில்கூட அவன் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தால் கட்டையாகக் கிடப்பான். இந்த மனுஷனுக்குள் இப்படி ஒரு ஆள் இருந்தானா என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். 

கடைசியில் அந்தக் கோபுரத்துக்கு வந்தார்கள். தென்னை மரத்தை மூன்று தடவை அடுக்கின உயரம். சுற்றிலும் நாற்காலிகள். ஆட்களைக் கட்டி உட்காரவைத்து மெல்ல மேலே தூக்கிப் போய், உச்சியில் கொஞ்சம் நிறுத்தி, அப்படியே கீழே விட்டுவிடுகிறது. விழுகிறவர்களின் அலறல் பார்க் முழுக்கக் கேட்டது.

வரிசையின் தலைப்பில் சிவப்புப் பலகை. மலையாளத்தில், இங்கிலீஷில், தமிழில். எப்சிபா தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். இதய நோய் உள்ளவர்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள். முதுகு, கழுத்து வலி உள்ளவர்கள். கர்ப்பிணிகள். ஏறக் கூடாது. படிக்கத் தெரியாதவர்களுக்காக ஓர் இதயத்தை வரைந்து குறுக்கே கோடும் போட்டிருந்தார்கள். அவள் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்கவில்லை, தெரியவில்லை என்று பிற்பாடு அவளால் சொல்ல முடியாது.

"அப்பா, வாங்கப்பா. நீங்க வந்தாத்தான் நான் ஏறுவேன்," என்று டின்டு அவன் கையைப் பிடித்தாள்.

"எனக்கு வேண்டாம் பாப்பா. தலை சுத்தும். நீ போ."

"காலையிலருந்து ஒண்ணுலயும் ஏறலியே! இதுல ஒண்ணு மட்டும்ப்பா."

அவன் சிரித்துச் சமாளித்துக்கொண்டிருந்தான். அதோடு முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து ஃபேக்டரி ஆட்கள் நாலைந்து பேரோடு ஜோமோன் சார் வந்தார்.

"என்ன சகாயம், ஏற மாட்டேங்கிறே? நெஞ்சுல ஏதும் அசுகம் உண்டோ?"

வேடிக்கைக்குத்தான் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் எப்சிபாவுக்குக் காது அடைத்துப்போயிற்று. இரண்டு வருஷமாக எந்தக் கேள்விக்குப் பயந்து பயந்து வாழ்ந்தார்களோ, அந்தக் கேள்வி நட்ட நடு வெயிலில், ஃபீல்டு ஆபீசர் வாயிலிருந்து வந்துவிட்டது. சகாயத்தின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். விளையாட்டாகக் கேட்டவருக்கு விளையாட்டாகவே ஒன்று சொல்லிவிட்டுப் போகத் தெரியவில்லை அவர்களுக்கு.

அவன் எப்சிபாவைப் பார்த்தான். என்ன செய்ய என்கிற பார்வை. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குப் பயமா இருக்குங்க, போகாதீக என்று சிணுங்கியிருந்தாலே போதும். பொம்பளைப் பயம் என்று எல்லாரும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அது அவளுக்கு நாலு நாள் கழித்துத்தான் தோன்றியது. அந்த நேரத்தில் கண்ணுக்குள் தெரிந்ததெல்லாம் வேதமுத்துவின் கோழிக்கூடு ஜீப்பில் ஏறியதுதான்.

"போய்ட்டு வாங்க," என்றாள். "உங்களுக்கென்ன."

அவன் முதுகை நிமிர்த்திக்கொண்டான். டிஸ்பென்சரி வாசலில் நிமிர்த்துவது போலவே நிமிர்த்தினான்.

ஏறுமிடத்தில் சீருடை போட்ட ஒரு பெண் நின்றாள். முருகேஸ்வரி என்று பெயர், பக்கத்து எலப்புள்ளிக்காரி, முப்பது வயதிருக்கும். ஒவ்வொருவரையும் நிறுத்தி முதலில் மலையாளத்தில் கேட்டாள். முகத்தைப் பார்த்துத் தமிழிலும் கேட்டாள். முன்னால் நின்ற சின்னப் பெண் ஒருத்தி, "மூணு மாசமுங்க," என்று வெட்கத்தோடு வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "அட, சந்தோசமுங்க கண்ணு. அந்தப் பக்கம் நெழல்ல உக்காந்துக்குங்க," என்று முருகேஸ்வரி வழிவிட்டாள். சுற்றி நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அவ்வளவு சுலபமாக ஒருத்தி உண்மையைச் சொல்லிவிட்டுப் போய் நிழலில் உட்கார்ந்துகொண்டாள். எப்சிபாவுக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.

"ஏனுங்க, உங்களுக்கு நெஞ்சு நோவு, பிரஷரு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஒண்ணுமில்ல," என்றான் சகாயம்.

முருகேஸ்வரி உடனே விடவில்லை. அவன் நரையைப் பார்த்தாளோ, உதட்டைப் பார்த்தாளோ, வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எப்சிபாவிடம் திரும்பினாள். "நெசமாத்தானுங்களா அக்கா? வேடிக்கையில்லீங்க. மறைச்சுப்போட்டு ஏறக் கூடாதுங்க."

ஜோமோன் சார் இரண்டடி தள்ளி ஃபோனைப் பிடித்துப் படம் எடுக்கத் தயாராக நின்றார்.

"அவுகளுக்கு ஒண்ணும் கெடையாதும்மா," என்றாள் எப்சிபா.

செருப்பைக் கழற்றி அடுக்கில் வைக்கச் சொன்னார்கள். பையிலிருப்பதை எல்லாம் எடுக்கச் சொன்னார்கள். சகாயம் ஃபோனையும் பீடிக்கட்டையும் வேலிக்கு மேலாக அவளிடம் நீட்டினான். பீடிக்கட்டுக்குள் செருகியிருந்த அந்த ஒற்றை மாத்திரையும் கூடவே வந்தது. அவள் அதை மட்டும் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிக்கொண்டாள்.

நாற்காலி ஏறியது. உச்சியில் நின்றபோது டின்டு கை ஆட்டினாள். அவன் ஆட்டவில்லை. பிறகு விழுந்தது. அத்தனை பேர் அலறினார்கள். சகாயத்தின் குரல் அதில் இல்லை.

ஆனால் இறங்கி வந்தான். சிரித்துக்கொண்டே வந்தான். ஜோமோன் சார் கைதட்டி, "அடிபொளி சகாயம்!" என்று முதுகில் தட்டினார். எப்சிபாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கர்த்தரே, தப்பித்தோம், இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டோம் என்று மனசுக்குள் அழுதாள். பத்தடி நடந்து சகாயம் ஒரு திண்டில் உட்கார்ந்தான். நெற்றியில் வேர்வை முத்து முத்தாகக் கிளம்பியது. தொட்டுப் பார்த்தால் பனியாகக் குளிர்ந்திருந்தது.

முதலுதவி அறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார்கள். ஷிஜி என்ற மலையாளி நர்ஸ் கட்டிலில் படுக்கவைத்துக் கையைப் பிடித்துப் பார்த்தாள். டின்டு எலுமிச்சை ஜூஸ் வாங்க ஓடினாள். ஜோமோன் சார் தலைமாட்டில் நின்று செய்தித்தாளால் விசிறினார். ஷிஜி நோட்டை எடுத்தாள்.

"சேச்சி, இவருக்கு முன்னாடி ஹார்ட்டுக்கு ஏதாவது உண்டோ? மருந்து ஏதாவது சாப்பிடுறாரோ?"

நோட்டு. பேனா. பக்கத்தில் ஃபீல்டு ஆபீசர். எப்சிபாவின் மூடிய கைக்குள் மாத்திரை இருக்கிறது. அவள் சகாயத்தைப் பார்த்தாள். அவன் கண்ணை மட்டும் இடமும் வலமும் அசைத்தான். சொல்லாதே.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். காலையில சாப்பிடாம வந்தாக. அதான்."

ஷிஜி எழுதிக்கொண்டாள். உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலந்தாள். "எதுக்கும் ஆசுபத்திரி போய்ப் பாத்துடலாமே?" என்று இரண்டு தடவை கேட்டாள். வேண்டாம், படுத்தால் சரியாகிவிடும் என்று சகாயம் முனகினான். ஜோமோன் சார் கொஞ்சம் வெளியே போகட்டும், வாயில் வைத்துவிடலாம் என்று எப்சிபா காத்திருந்தாள். அவரோ நகரவில்லை. பாவம், அவருக்கு அவ்வளவு பிரியம். "நீ ஒண்ணும் பயப்படண்டா எப்சிபா, நான் இவிடே உண்டு," என்றார். இருபது நிமிஷம் விசிறினார்.

ஃபோன் வந்து அவர் வெளியே போனபோது அவள் விரலைத் திறந்தாள். வேர்வையில் மாத்திரை பாதி கரைந்து உள்ளங்கையில் வெள்ளையாக ஒட்டிக்கிடந்தது. நகத்தால் சுரண்டி எடுத்து அவன் வாயைத் திறக்கப் பார்த்தாள். தாடை இறுகியிருந்தது.

"சிஸ்டர்!" என்று அவள் கத்தியது பார்க்குக்கு வெளியே கேட்டிருக்கும்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஷிஜியும் கூடவே ஏறி நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் கதவைச் சாத்தினார்கள். அரை மணி கழித்துத் திறந்தார்கள். டாக்டரின் முகத்தைப் பார்த்ததுமே எப்சிபா தரையில் உட்கார்ந்துவிட்டாள். டின்டு மட்டும், "அப்பாவ எப்ப பாக்கலாம் டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

சாயங்காலம் முருகேஸ்வரி வந்தாள். சீருடையோடு வந்தாள். அடுக்கில் கிடந்த சகாயத்தின் செருப்பை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். "நான் கேட்டேனுங்களே அக்கா. உங்ககிட்டயுந்தானுங்களே கேட்டேன்," என்று தேம்பினாள். அவள் சரியாகக் கேட்கவில்லை என்று பார்க் மேனேஜர் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டாராம். எப்சிபா செருப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். குதிகால் பக்கம் தேய்ந்து, அவன் பாதம் அப்படியே பதிந்திருந்தது.

டாக்டர் ஒரு தாளை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "முன்னாடி ஏதாவது நோய் இருந்ததா? எழுதணும்."

"ஒரு அசுகமும் இல்லாத ஆளு டாக்டர்," என்றார் ஜோமோன் சார், கண் கலங்கி. "வருஷத்துக்கு ஒரு நாள்கூட லீவு எடுக்க மாட்டான். ஃபேக்டரியில இவன மாதிரி ஆரோக்கியம் ஒருத்தனுக்கு இல்ல."

"ஆமா டாக்டர்," என்றாள் டின்டு.  "அப்பாவுக்கு ஒண்ணுமே கெடையாது. வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னாக. நான்தான் கையப் புடிச்சு இழுத்தேன். நான்தான் கொன்னுட்டேன். அப்படியே எழுதிக்கிடுங்க."

எப்சிபாவுக்கு அப்போதுதான் நெஞ்சு வெடித்தது. புருஷன் போன துக்கத்துக்கு மேலே இன்னொரு துக்கம் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்தப் பிள்ளை சாகிற வரைக்கும் இதைத் தூக்கிக்கொண்டு நடக்கப் போகிறதே. அவள் செருப்பை மடியிலிருந்து கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"இருந்துச்சு சார்," என்றாள். "ரெண்டு குழாய் அடைப்பு. ரெண்டு வருசமா இருந்துச்சு. தேனியில பாத்தோம். சீட்டு எங்க வீட்டு அரிசி டின்னுக்கு அடியில இருக்கு. இந்தத் தங்கச்சி கேட்டுச்சு, அந்த சிஸ்டர் கேட்டாக. எல்லாருகிட்டயும் ஒண்ணுமில்லன்னு நான்தான் சொன்னேன். போய்ட்டு வாங்கன்னு அனுப்புனதும் நான்தான். எம்பிள்ள ஒண்ணும் செய்யல. எழுதிக்கிடுங்க."

டாக்டர் பேனாவைத் திறந்தவர் எழுதாமல் பார்த்தார். ஜோமோன் சார் சுவரில் சாய்ந்தார்.

"எங்கிட்ட நேரத்தே சொல்லியிருக்கலாமே எப்சிபா..."

"சொல்லியிருந்தா வீட்ட விட்டு வச்சிருப்பீகளா சார்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மகள் தன்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று எப்சிபா நினைத்தாள். பாரத்தை இறக்கிவிட்டோம், இனி இரண்டு பேரும் சேர்ந்து அழலாம் என்று நினைத்தாள். டின்டு கிட்டே வந்தாள். ஆனால் தொடவில்லை.

"நானும் கேட்டேனேம்மா," என்றாள். "மாத்திரையப் பாத்துட்டு, அப்பாவுக்கு என்னன்னு நான் கேட்டேனே. ஆபீஸ்ல கேட்டாச் சொல்லக் கூடாது. சரி. நானும் ஆபீசாம்மா?"

எப்சிபா அவளைத் தொடக் கையை நீட்டினாள். 

டின்டு நாலு எட்டு தள்ளிப் போய்ச் சுவரோரமாக நின்றாள். சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது. வீட்டுக்குப் போகாமல் இன்னும் அங்கேயே நின்ற ஷிஜி ஓடிப்போய் அவள் தோளைத் தாங்கினாள்.

"மோளே, என்ன செய்யுது? தல சுத்துதா? எங்கயாவது வலிக்குதா?"

டின்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முதுகை நிமிர்த்தினாள்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

அப்பனின் குரல் அப்படியே. எப்சிபா வெறுங்காலோடு ஓடினாள்.

"இருக்கு சிஸ்டர். அவளுக்கு இருக்கு. பொய் சொல்லுதா. நம்பாதீக சிஸ்டர், அவளுக்கு இருக்கு."